அணிவகுப்பும் அறமும்: உதயகிரியில் உருவான படை

நம் கன்னியாகுமரி மாவட்டத்தின் கோட்டைகளைப் பற்றிப் பேசும்போது நாம் பெரும்பாலும் கற்களைப் பற்றியே பேசுகின்றோம். மதிலின் உயரம் எவ்வளவு, எந்த மன்னர் எழுப்பினார், எந்த ஆண்டில் முடிந்தது என்று கேட்டு அறிகின்றோம். அக்கற்களின்மேல் நின்று காவல் காத்த மனிதர்கள் யார், அவர்கள் எவ்வாறு திரட்டப்பட்டனர், யாருடைய ஆணைக்குப் பணிந்தனர், அவர்களுக்குக் கூலி எங்கிருந்து வந்தது என்னும் வினாக்களை நாம் அரிதாகவே எழுப்புகின்றோம். படை என்பது ஒரு சமுதாயத்தின் கண்ணாடி. யார் ஆயுதம் ஏந்தலாம், யார் சுமை தூக்க வேண்டும், யார் கட்டளையிடலாம் என்று அது வகுக்கும் வரிசையில் அச்சமுதாயத்தின் முகம் தெரியும். அந்த நோக்கில், தக்கலைக்கு அருகே புலியூர்க்குறிச்சியில் உள்ள உதயகிரிக் கோட்டையில் உருவாக்கப்பட்ட திருவிதாங்கூர்ப் படையின் வரலாற்றை இங்கு ஆராய முற்படுகின்றோம்.

களரிப்படையும் கூலிப்படையும்

பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வேணாட்டு மன்னருக்கு இன்றைய பொருளில் நிலையான படை ஒன்றும் இருக்கவில்லை. ஊர்தோறும் களரிகள் இருந்தன. அவற்றில் வாளும் கேடயமும் பயின்ற நாயர் வீரர்கள் தத்தம் தலைவரின் அழைப்பை ஏற்றுப் போருக்குத் திரண்டனர். போர் முடிந்ததும் வயலுக்கும் வீட்டுக்கும் திரும்பினர். அவர்களது பற்று முதலாவதாகத் தம் தறவாட்டுக்கும் தம் பகுதிப் பிரபுவுக்கும் உரியதாக இருந்தது. மன்னர் அதற்குப் பின்னரே வந்தார். எட்டுவீட்டில் பிள்ளைமார் போன்ற பிரபுக்கள் அரண்மனையையே எதிர்த்து நிற்க முடிந்ததற்குக் காரணம் இதுவே.

இந்நிலையை மாற்ற முதலில் கையாண்ட வழி கூலிப்படை. 1726இல் வேணாட்டரசு மதுரை நாயக்கர் அரசுடன் உடன்பாடு செய்து, குதிரை வீரர்களையும் காலாட்களையும் கூலிக்கு அமர்த்தியது. 1729இல் அரியணை ஏறிய மார்த்தாண்டவர்மர் பாண்டிநாட்டு மறவர் படைகளையும் பயன்படுத்தினார். ஆனால், கூலிப்படைக்கு ஒரு குறை உண்டு. கருவூலம் வற்றும்போது அதன் விசுவாசமும் வற்றிவிடும். தறவாட்டுக்குக் கட்டுப்பட்ட படையும் வேண்டாம், பணத்துக்கு மட்டுமே கட்டுப்பட்ட படையும் வேண்டாம். அரசுக்குக் கட்டுப்பட்ட படை வேண்டும் என்னும் தேவை அவருக்கு இருந்தது. அத்தேவையை நிறைவேற்றும் வாய்ப்பு எதிர்பாராத திசையிலிருந்து, கடல் வழியாக வந்தது.

குளச்சல் கடற்கரையில்

மிளகு வணிகத்தில் ஏகபோகம் நாடிய டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு மார்த்தாண்டவர்மரின் வளர்ச்சி இடையூறாக இருந்தது. இலங்கையில் டச்சு ஆளுநராக இருந்த வான் இம்ஹாஃப் மன்னரை நேரில் சந்தித்து, படையெடுப்போம் என்று அச்சுறுத்தியதாகவும், அப்படியானால் நாமும் நம் மீனவர்களையும் வள்ளங்களையும் கொண்டு ஐரோப்பாவின் மீது படையெடுக்க எண்ணியிருக்கிறோம் என்று மன்னர் விடையிறுத்ததாகவும் வரலாற்று நூல்களில் வழங்கி வருகிறது. இவ்விடையை வாசகர்கள் நினைவில் கொள்ள வேண்டுகிறோம். மன்னரின் சொல்லில் இடம் பெற்ற மீனவருக்கு அவரது படையில் என்ன இடம் கிடைத்தது என்பதைப் பின்னர்க் காண்போம்.

1741இன் தொடக்கத்தில் இலங்கையிலிருந்து வந்த டச்சுப் படை குளச்சலில் இறங்கியது. கடற்கரையூர்கள் சூறையாடப்பட்டன. குளச்சலில் பாசறை அமைத்துக்கொண்ட டச்சுக்காரர் தலைநகரை அச்சுறுத்தினர். வடக்கே போரில் ஈடுபட்டிருந்த மன்னரும் தளவாய் இராமய்யனும் தெற்கே விரைந்து வந்து அவர்களை முற்றுகையிட்டனர். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் கடல் கொந்தளித்ததால் டச்சுக்காரருக்கு உதவிப் படை வந்து சேர வழியில்லை. உணவும் வெடிமருந்தும் குன்றிய நிலையில் ஆகஸ்டு மாதத்தில் அவர்கள் பணிந்தனர். 389 துப்பாக்கிகளும் சில பீரங்கிகளும் கைப்பற்றப்பட்டதாகத் திருவிதாங்கூர் வரலாற்று நூல்கள் கணக்குத் தருகின்றன. பனைத்தடிகளை மாட்டு வண்டிகளில் பீரங்கிகள்போல் நிறுத்திப் பகைவரை ஏமாற்றினர் என்னும் செவிவழிச் செய்தியும் நம் ஊர்களில் உண்டு.

ஓர் ஐரோப்பிய வல்லரசை ஆசிய மன்னர் ஒருவர் போர்க்களத்தில் பணிய வைத்தது அக்காலத்தில் அரிய நிகழ்ச்சி. ஆயினும் இப்போரின் நிலையான பயன் ஒரு கைதியின் உருவில் கிடைத்தது. எவுஸ்தாக்கியுஸ் பெனடிக்ட் டி லனாய் என்னும் அவர் 1715இல் பிறந்தவர். டச்சுக் கம்பெனியின் ஊழியத்தில் இருந்த கத்தோலிக்கர். சிறைப்பட்டபோது அவருக்கு வயது 25 அல்லது 26. மன்னர் அவரைத் தம் பணியில் சேர்த்துக்கொண்டார். நாளடைவில் அவர் 'வலிய கப்பித்தான்' என்னும் பெருந்தலைவர் பதவிக்கு உயர்ந்தார்.

உதயகிரி: படையின் பட்டறை

பதினேழாம் நூற்றாண்டைச் சேர்ந்த பழைய கோட்டை ஒன்று உதயகிரியில் இருந்தது. குளச்சல் வெற்றியைத் தொடர்ந்து 1741 முதல் 1744 வரையில் அது கருங்கல்லால் வலுவாக மறுபடி கட்டப்பட்டது. ஏறத்தாழ 90 ஏக்கர் நிலப்பரப்பும் நடுவே ஒரு குன்றும் கொண்ட அக்கோட்டைக்குள் பீரங்கி வார்க்கும் பட்டறை நிறுவப்பட்டது. தலைநகரான பத்மநாபபுரம் மிக அருகில் இருந்தது. மன்னர் அரண்மனையிலும் படை உதயகிரியிலுமாக, ஆட்சியின் இரு கைகளும் ஒன்றையொன்று தொடும் தொலைவில் இருந்தன எனலாம்.

டி லனாய் கொண்டுவந்த மாற்றம் என்ன? களரி வீரர் தனி ஆளின் திறமையை நம்பிப் போரிட்டார். அவரது வாள்வீச்சு அவருக்கே உரியது. துப்பாக்கிப் படையில் தனித் திறமைக்கு இடம் குறைவு. வரிசையாக நிற்றல், ஒரே கட்டளைக்கு ஒருசேரச் சுடுதல், முன்வரிசை மருந்து இடிக்கும்போது பின்வரிசை குறிபார்த்தல், அருகில் நிற்பவர் வீழ்ந்தாலும் இடம் பெயராதிருத்தல் ஆகிய அனைத்தும் நாள்தோறும் பழகிப் பழகி உடம்பில் ஊற வேண்டியவை. வயலுக்கும் போருக்குமாக அலைபவரை இதற்குப் பழக்க இயலாது. ஆகவே ஆண்டு முழுவதும் கூலி பெற்று, பாசறையில் தங்கி, பயிற்சி செய்யும் நிலைப்படை தேவைப்பட்டது. அதற்குக் காலாட்படை, பீரங்கிப்படை என்னும் பிரிவுகளும், பிரிவுக்கு ஒரு தலைவரும், ஆயுதக் கிடங்கும், வெடிமருந்துச் சாலையும் தேவைப்பட்டன. இவை அனைத்துக்கும் மேலே தளவாய் இருந்தார். தளவாய் என்பவர் படைத்தலைவராகவும் முதல் அமைச்சராகவும் விளங்கினார். 1737 முதல் 1756 வரை அப்பதவியை வகித்தவர் இராமய்யன்.

இப்படை அமைப்பின் சிறப்பை உணர மற்றொரு நிகழ்ச்சியை ஒப்பிடலாம். 1746இல் சென்னையில் அடையாற்றங்கரையில், அணிப்பயிற்சி பெற்ற சிறிய பிரெஞ்சுப் படை ஆற்காட்டு நவாபின் பெரும்படையைச் சிதறடித்தது. எண்ணிக்கையைவிட ஒழுங்கே வலிது என்று தென்னிந்திய அரசுகள் அன்று அறிந்தன என்பர். அதற்கு ஐந்து ஆண்டுகள் முன்னரே அப்பாடத்தைப் புலியூர்க்குறிச்சியில் ஒருவர் கற்பிக்கத் தொடங்கிவிட்டார்.

பலன் விரைவில் தெரிந்தது. 1746இல் காயங்குளம் வீழ்ந்தது. அதனைத் தொடர்ந்து வடக்கே சிற்றரசுகள் ஒவ்வொன்றாக இணைக்கப்பட்டன. 1753இல் மாவேலிக்கரை உடன்படிக்கை வழியாக டச்சுக்காரர் திருவிதாங்கூரின் வலிமையை ஏற்றுக்கொண்டனர். தெற்கே வட்டக்கோட்டை புதுப்பிக்கப்பட்டது. மலையடிவாரத்திலிருந்து கடல் வரை ஓடிய அரண் வரிசை ஆரல்வாய்மொழிக் கணவாயைக் காத்தது. வடக்கே நெடுங்கோட்டை எழுந்தது. 1789 டிசம்பரில் திப்பு சுல்தானின் முதல் தாக்குதல் அங்கேதான் தடுத்து நிறுத்தப்பட்டது. அப்போது டி லனாய் மறைந்து பன்னிரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.

மிளகும் ஊழியமும்

நிலைப்படைக்கு நிலையான வருவாய் வேண்டும். மார்த்தாண்டவர்மர் மிளகு வணிகத்தை அரசின் ஏகபோகம் ஆக்கினார். விளைவித்தவர் அரசு குறித்த விலைக்கு அரசின் பண்டகசாலையில் மிளகை ஒப்படைக்க வேண்டும். வெளியார் அதனை அரசிடமிருந்தே வாங்க வேண்டும். இடையில் நின்ற இலாபம் துப்பாக்கியாகவும் மருந்தாகவும் கூலியாகவும் மாறியது. மிளகுக்காக டச்சுக்காரர் போர் தொடுத்தனர். அதே மிளகைக் கொண்டு அவர்களை வெல்லும் படை கட்டப்பட்டது.

ஆனால், எல்லாச் செலவும் கணக்கேட்டில் ஏறவில்லை. கோட்டைக்குக் கல் சுமந்தவர் யார்? மதிலுக்கு மண் வெட்டியவர் யார்? படை நகரும்போது அரிசி மூட்டையையும் மருந்துப் பெட்டியையும் தலையில் ஏற்றி நடந்தவர் யார்? திருவிதாங்கூரில் 'ஊழியம்' என்னும் முறை இருந்தது. கூலியின்றி அரசுக்கு உழைக்க வேண்டிய கடமை தாழ்த்தப்பட்டு வைக்கப்பட்ட மக்கள்மீது சுமத்தப்பட்டிருந்தது. படையின் வரிசையில் நிற்கும் உரிமை பெரும்பாலும் ஒரு சாராருக்கு; படையைத் தாங்கும் சுமை வேறொரு சாராருக்கு. டச்சுக்காரரை அச்சுறுத்த மன்னர் பெயர் சொன்ன மீனவரும் இந்த வரிசைக்கு வெளியிலேயே நின்றனர்.

சுமை தூக்குவோரையும் படையின் உறுப்பாகவே ஏற்ற அமைப்புகளும் உலகில் இருந்துள்ளன. இரண்டாம் உலகப் போரில் மேற்கு ஆப்பிரிக்காவின் கோல்ட் கோஸ்ட், நைஜீரியா முதலிய நாடுகளில் திரட்டப்பட்ட 81ஆம் மேற்கு ஆப்பிரிக்கப் படைப்பிரிவு 1943இல் இந்தியாவுக்கு வந்து, 1944இல் பர்மாவின் கலாடன் பள்ளத்தாக்கில் போரிட்டது. சாலைகளற்ற அக்காட்டில், விமானங்கள் இட்ட பொருள்களைத் தலையில் சுமந்து செல்வதற்கென்றே அதன் ஒவ்வொரு பிரிகேடிலும் சுமையாளர் குழுக்கள் முறையாக அமைக்கப்பட்டிருந்தன. அவர்களும் குடியேற்ற ஆட்சியின் கீழ் வாடியவர்களே. எனினும் அவர்கள் பட்டியலில் இருந்தனர். உதயகிரியின் கல்லைச் சுமந்தவர் எந்தப் பட்டியலிலும் இல்லை. டி லனாய் வீரர்களை வரிசைப்படுத்தினார். சமுதாயத்தின் வரிசையை அவர் தொடவில்லை. தொடும் அதிகாரமும் அவருக்கு இருக்கவில்லை.

ஒரே கோட்டையில் இருவர்

இங்கேதான் படையின் வரலாறு நம் திருச்சபையின் வரலாற்றைச் சந்திக்கிறது. 1712இல் நட்டாலத்தில் பிறந்த நீலகண்டப் பிள்ளை அரண்மனைப் பணியாளர். உதயகிரிக் கோட்டையின் பணிகளோடு அவருக்குத் தொடர்பு இருந்தது. அங்கே டி லனாயின் நட்பு அவருக்கு வாய்த்தது. பொருள் இழப்பால் மனம் சோர்ந்திருந்த அவருக்கு டி லனாய் யோபுவின் வரலாற்றை எடுத்துரைத்தார் என்பது நம் மரபு. 1745 மே மாதத்தில் வடக்கன்குளத்தில் இயேசு சபைக் குரு புத்தாரியின் கையால் திருமுழுக்குப் பெற்ற அவர், இலாசர் என்னும் பெயரைத் தமிழில் தேவசகாயம் எனத் தாங்கினார். எல்லாச் சாதியாரோடும் வேறுபாடின்றிப் பழகினார். படையின் வரிசையும் ஊரின் வரிசையும் எதைப் பிரித்து வைத்தனவோ, அதை அவர் தம் அன்றாட நடத்தையில் ஒன்றாக்கினார்.

1749 பிப்ரவரியில் அரச ஆணையால் அவர் கைது செய்யப்பட்டார். 1750 ஜனவரியில் மன்னர் தம் நாட்டை ஸ்ரீ பத்மநாபசுவாமிக்கு அர்ப்பணித்து, அத்தெய்வத்தின் தாசனாக ஆட்சி செய்யத் தொடங்கினார். அரசுப்பற்றும் வழிபாடும் ஒன்றாகப் பிணைந்த காலம் அது. மூன்று ஆண்டுகளாகப் பலவகைத் துன்பங்களுக்கு உள்ளான தேவசகாயம், 1752 ஜனவரி 14ஆம் நாள் ஆரல்வாய்மொழிக்கு அருகே காற்றாடிமலையில் வீரர்களால் சுட்டுக் கொல்லப்பட்டார். அவரது உடல் கோட்டாறு புனித சவேரியார் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டது. 2012இல் அருளாளராகவும், 2022 மே 15ஆம் நாள் புனிதராகவும் திருச்சபை அவரை உயர்த்தியது.

நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டிய இடம் இது. விசுவாசத்தின் விதையைத் தூவியவர் டி லனாய். அந்த அரசின் வீரருக்குத் துப்பாக்கிப் பயிற்சி அளித்தவரும் அவரே. நண்பரைக் காக்கும் வலிமை அந்த வலிய கப்பித்தானுக்கு இல்லாமற் போயிற்று. மன்னரின் நம்பிக்கைக்கு உரியவராயினும் அவர் கைதியாகத் தொடங்கியவர். ஆணையிடுபவராயினும் ஆணைக்கு உட்பட்டவர். நற்செய்தியில் வரும் நூற்றுவர் தலைவரை நினைத்துப் பாருங்கள். தாமும் அதிகாரத்துக்கு உட்பட்டவர் என்று சொல்லி ஆண்டவரின் வியப்பைப் பெற்றவர் ஒருவர். கல்வாரியில் மேலிடத்துக் கட்டளையை நிறைவேற்றி முடித்தபின் சிலுவையை நிமிர்ந்து நோக்கி உண்மையை உணர்ந்தவர் மற்றொருவர். கீழ்ப்படிதலின் அழகும் அதன் ஆபத்தும் இவ்விருவரிடமும் தெரிகின்றன. டி லனாய் இவ்விருவருக்கும் இடையில் நிற்பவராக நமக்குத் தோன்றுகிறார்.

அவரும் இழப்பை அறிந்தவரே. அவருடைய மகன் ஜோவான்னஸ் 1765இல் களக்காட்டுப் போரில் 19 வயதில் உயிர் துறந்தார். 1777 ஜூன் முதல் நாள் டி லனாய் காலமானார். உதயகிரிக் கோட்டைக்குள் உள்ள சிற்றாலயத்தில் மகனும் தந்தையும் துயில்கின்றனர். கல்லறையில் இலத்தீனிலும் தமிழிலும் எழுத்துகள் பொறிக்கப்பட்டுள்ளன. ஏறத்தாழ 37 ஆண்டுகள் அவர் அரசருக்கு உண்மையாய் உழைத்ததை அவை சொல்கின்றன.

கூலியும் கலகமும்

படை வீரர்கள் திருமுழுக்கு யோவானிடம் சென்று தாங்கள் செய்ய வேண்டியது யாது என்று வினவியதாக லூக்கா எழுதுகிறார். ஆயுதத்தை எறிந்துவிடுங்கள் என்று யோவான் கூறவில்லை. எவரையும் அச்சுறுத்திப் பணம் பறிக்காமல், கிடைக்கும் கூலியில் நிறைவு கொள்ளுமாறு கூறினார். கூலி தடையின்றிக் கிடைக்கும் வரையில்தான் இவ்வறிவுரை நிலைக்கும் என்பதைத் திருவிதாங்கூர் வரலாறு காட்டுகிறது.

திப்புவின் படையெடுப்புக்குப்பின் திருவிதாங்கூர் ஆங்கிலக் கம்பெனியின் படை உதவியைப் பணம் கொடுத்துப் பெற்றது. சொந்தப் படைக்கும் கூலி, அயலார் படைக்கும் கூலி என்னும் இரட்டைச் சுமையால் கருவூலம் தளர்ந்தது. நம் மாவட்டத்துத் தலக்குளத்தில் பிறந்த வேலுத்தம்பி தளவாயாக இருந்தபோது, நாயர் படையினரின் படிகளைக் குறைக்க முற்பட்டார். 1804இல் படை கலகம் செய்தது. கலகம் ஆங்கிலேயர் துணையோடு அடக்கப்பட்டது. அதன் விலையாக 1805இல் புதிய உடன்படிக்கை ஏற்பட்டு, ஆண்டுதோறும் 8 லட்சம் ரூபாய் கம்பெனிக்குக் கட்ட வேண்டியதாயிற்று.

பின்னர் அதே வேலுத்தம்பி கம்பெனியை எதிர்த்து எழுந்தார். 1809 ஜனவரியில் குண்டறையில் அவர் அறைகூவல் விடுத்தார். பிப்ரவரியில் கர்னல் செயின்ட் லெகர் தலைமையில் கம்பெனிப் படை ஆரல்வாய்மொழியை அடைந்தது. மேஜர் வெல்ஷ் தலைமையில் ஒரு பிரிவு இரவில் மலைச்சரிவில் ஏறி அரணைக் கைப்பற்றியது. அடுத்த சில நாள்களில் உதயகிரியும் பத்மநாபபுரமும் போரின்றியே பணிந்தன. வேலுத்தம்பி மண்ணடியில் உயிர் துறந்தார். டி லனாய் உருவாக்கிய படை கலைக்கப்பட்டு, அரண்மனைச் சடங்குகளுக்கும் காவலுக்கும் வேண்டிய சில நூறு பேர் மட்டுமே எஞ்சினர்.

1752இல் ஆயுதமற்ற ஒருவர்மீது துப்பாக்கிகள் திரும்பிய அதே ஆரல்வாய்மொழியில்தான் 1809இல் அரண் உடைந்தது. இதனை இறைத் தண்டனை என்று கூற நாம் துணியோம்; வரலாற்றை அவ்வாறு எளிதாக வாசிப்பது இறையியலுக்கும் அடுக்காது. எனினும் ஒன்று தெளிவு. கல்லும் பீரங்கியும் குறையாத கோட்டை ஒரு குண்டும் சுடாமல் வாயிலைத் திறந்தது என்றால், உள்ளே வேறேதோ குறைந்திருந்தது. கூலி மறுக்கப்பட்ட வீரரும், கூலியே அறியாத ஊழியக்காரரும் எந்த அரசுக்கும் உறுதியான மதில் ஆகமாட்டார்கள்.

பெயர் மாறிய படை

எஞ்சிய சிறு படை மெல்ல மீண்டும் வளர்ந்தது. 1830இல் அதற்கு 'நாயர் பிரிகேட்' என்னும் பெயர் வழங்கப்பட்டது. ஆங்கில அதிகாரிகளின் கீழ் அது பெரும்பாலும் காவல் பணியும் அரச விழாப் பணியும் ஆற்றியது. 1930களில் இந்தியச் சமஸ்தானப் படைகளின் திட்டத்தில் அது சேர்ந்தது. விடுதலைக்குப் பின், 1954இல் அதன் அணிகள் இந்தியத் தரைப்படையின் மதராஸ் ரெஜிமெண்டில் 9ஆம், 16ஆம் பட்டாலியன்களாக இணைந்தன. திருவனந்தபுரம் பாங்கோட்டில் உள்ள இராணுவ நிலையத்தின் விளையாட்டரங்கம் இன்றும் குளச்சலின் பெயரைத் தாங்கி நிற்கிறது. 1956 நவம்பர் முதல் நாள் நம் மாவட்டம் தமிழகத்தோடு இணைந்தபோது, படையின் மரபு வடக்கே தங்கிவிட்டது. அது பிறந்த கோட்டையும் அதை உருவாக்கியவரின் கல்லறையும் நம்மிடம் இருக்கின்றன.

படையின் பிந்திய வரலாற்றில் நமக்கு ஆறுதல் தரும் மாற்றம் ஒன்று உண்டு. ஒரு சாராரின் உரிமையாகத் தொடங்கிய வரிசை இன்று எல்லாருக்கும் திறந்துள்ளது. கல் சுமந்தவரின் வழிவந்த இளைஞரும், வள்ளம் செலுத்தியவரின் வழிவந்த இளைஞரும் இன்று நாட்டின் படையில் சமமாக நிற்கின்றனர். டி லனாயால் தொட முடியாத அந்த வரிசையை, பின்வந்த தலைமுறைகள் போராடி மாற்றின.

ஒழுங்கு என்பது பெரும் பேறு. அஃது இல்லாத இடத்தில் வீட்டையும் நடத்த இயலாது, பங்கையும் நடத்த இயலாது. ஆனால், ஒழுங்கு தன்னளவில் அறம் ஆகிவிடாது. ஒரே கட்டளைக்கு ஒருசேரச் சுடும் பயிற்சி, நாட்டைக் காக்கவும் பயன்படும்; மாசற்றவரை வீழ்த்தவும் பயன்படும். எந்த அமைப்பில் நாம் நின்றாலும், அது அரசாயினும் திருச்சபையாயினும், இரண்டு வினாக்களை நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டும். இந்த வரிசையில் இடம் மறுக்கப்பட்டவர் யார்? இந்தக் கட்டளை யாரை நோக்கித் திரும்பியிருக்கிறது? உதயகிரியின் வரலாறு இவ்விரு வினாக்களையும் நம் கையில் கொடுக்கிறது. அவற்றுக்குரிய விடையைத் தேடும் பொறுப்பு நம்முடையது.